கர்ப்ப காலத்தில் தோலடி நாளங்களை அகச்சிவப்புப் படத்தில் பின்தொடர்வது எப்படி? மலையகக் குளிரில் செய்துபார்த்த முழுமையான வழிகாட்டி

தங்கச்சிக்கு மூன்றாம் மாதம் நடந்தபோது, ஜனவரியில் ஒரு நாள் காலை ஆறரை மணிக்கு அவள் கால்களை அகச்சிவப்பில் படம் எடுத்தேன். அடுத்த படம் மார்ச்சில், பகல் இரண்டு மணிக்கு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஜனவரிப் படத்தில் கெண்டைக்காலில் மெல்லிய கோடுகள் நாலைந்துதான். மார்ச்சில் முழங்காலுக்குக் கீழே வேர் படர்ந்தது போல ஒரே வலை. இரண்டு மாதத்துக்குள் இவ்வளவா என்று அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் இரண்டு தடவை எடுத்தேன், காலை ஆறரைக்கு ஒன்று, பகல் இரண்டுக்கு ஒன்று. வித்தியாசம் அப்படியே வந்தது. ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் நான் கண்ட மாற்றத்தில் பெரும்பங்கு ஹட்டன் குளிருடையது. குளிரில் தோலடி நாளங்கள் சுருங்கும், உடம்பு சூடேறினால் விரியும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்தில் இருக்கிற எங்கள் ஊரில், ஒரே அறைக்குள் காலைக்கும் பகலுக்கும் பத்து டிகிரிவரை வித்தியாசம் வரலாம். அதைக் கட்டுப்படுத்தாமல் எடுத்த படங்களை ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது.

அதனால் இந்த வழிகாட்டியில் கெமராவைவிட அறைக்கும் உடம்புச் சூட்டுக்கும் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன். நுவரெலியா, தலவாக்கலை, பொகவந்தலாவை, அப்புத்தளை என்று மலைப்பக்கம் எங்கே இருந்தாலும் இது பொருந்தும்.

முதலில்: இந்தப் படம் எதைக் காட்டும்?

தோட்டத்தில் யாரும் நாளம் என்று சொல்வதில்லை. "கால் நரம்பு பொடைச்சிருக்கு", "நரம்பு சுருட்டிக்கிச்சு" என்றுதான் பேச்சு. உண்மையில் அது நரம்பு அல்ல, இதயத்துக்கு இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் நாளம். பாடப்புத்தகத்தில் நாடி, நாளம் என்று படித்தோமே, அதில் இரண்டாவது. படம் எடுக்கும் பெண்ணோடு பேசும்போது அவர் சொல்லும் சொல்லையே சொல்லுங்கள். குறிப்பேட்டில் மட்டும் நாளம் என்று எழுதுங்கள்.

கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளி ஏறக்குறைய 700 நானோமீற்றரோடு முடிகிறது. அதற்கு அடுத்து 700 முதல் 900 வரையான பகுதி தோலுக்குள் சில மில்லிமீற்றர் ஆழம்வரை இறங்கி, சிதறி, திரும்பி வரும். இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் அந்த ஒளியைச் சுற்றியிருக்கும் திசுவைவிட அதிகமாக உறிஞ்சிவிடும். அதனால் படத்தில் தோல் வெளிறியும், நாளம் கறுப்புக் கோடாகவும் விழும். நாடிகள் பெரும்பாலும் ஆழத்தில் இருப்பதால் இந்தப் படத்தில் வராது.

நம்மைப் போன்ற மாநிறத் தோலுக்கு இந்த முறையில் தனி நன்மை ஒன்று உண்டு. தோலுக்கு நிறம் தரும் மெலனின், ஒளியின் அலைநீளம் கூடக்கூடக் குறைவாகவே உறிஞ்சும். வெறும் கண்ணுக்குக் கொஞ்சமும் தெரியாத நாளம் 850 நானோமீற்றரில் தெளிவாகத் தெரிவது அதனால்தான். கர்ப்பிணியின் வயிற்றில் தொப்புளுக்கு மேலும் கீழும் ஓடும் கருங்கோடு இருக்கிறதல்லவா, அது மெலனின். அகச்சிவப்புப் படத்தில் அது மங்கிப்போகும், பக்கத்தில் ஓடும் நாளமோ எடுப்பாகும். உங்கள் கெமராவும் வடிகட்டியும் சரியாக வேலை செய்கின்றனவா என்பதற்கு அதுவே நல்ல சோதனை.

1910இல் ரொபர்ட் வுட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் முதல் அகச்சிவப்புப் புகைப்படங்களை வெளியிட்டார். அவற்றில் மரத்து இலைகள் வெள்ளையாகத் தெரிந்தன. நம் தேயிலை மலையை எடுத்துப் பாருங்கள், மலை முழுக்கப் பனி கொட்டியது போல இருக்கும். சாயம் ஏறிய பிளேன் டீ ஒரு கிளாஸை எடுத்தால் தண்ணீர் போலத் தெரியும். தங்கச்சிக்கு இந்த வேலையைப் புரிய வைக்க நான் முதலில் காட்டியது அந்த டீக் கிளாஸைத்தான். "டீச்சாயம் மறையுது, அது மாதிரி உன் தோல் நிறமும் மறையும், உள்ளே ஓடுறது தெரியும்" என்றேன். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

ஒன்றைப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள். கொவிட் காலத்தில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அந்த வெப்பமானி பிடிப்பதும் அகச்சிவப்புத்தான். ஆனால் அது உடம்பு வெளியிடும் வெப்பம், அதன் அலைநீளம் பத்து மடங்குக்கு மேல் நீளமானது. நாம் எடுப்பது விளக்கிலிருந்து போய்த் தோலில் பட்டுத் திரும்பும் ஒளியை.

சம்மதம்

கர்ப்பிணியின் மார்பு, வயிறு, தொடை ஆகியவற்றின் படங்கள் இவை. அவர் சம்மதம் இல்லாமல் கெமராவைக் கையில் எடுக்கவே கூடாது. கணவரோ மாமியாரோ சொன்னால் போதாது, அவரே தனியாக இருக்கும்போது கேட்டு, அவரே சரி சொல்ல வேண்டும். எந்தப் பகுதி, எத்தனை தடவை, படம் யாரிடம் இருக்கும், எப்போது அழிக்கப்படும் என்பதை அவர் மொழியில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நடுவில் வேண்டாம் என்றால் அன்றோடு நிறுத்துங்கள். என் தங்கச்சி காலும் வயிறும் போதும் என்றாள். மார்பை நான் எடுக்கவே இல்லை.

படம் எடுக்கும்போது ஆண்கள் வேண்டாம், துணைக்கு இன்னொரு பெண் வேண்டும். மாற்றியமைத்த கெமராவில் சில மெல்லிய செயற்கை நூல் துணிகள் ஊடுருவித் தெரியும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தடித்த பருத்திச் சீலையோ இரண்டு மடிப்புத் துவாயோ பாதுகாப்பு. அதையும் முதலில் கெமராவில் சோதித்துப் பார்த்துவிட்டு அவரிடம் கொடுங்கள்.

வீட்டில் ஒருவரைப் பார்ப்பது வேறு, பல தாய்மாரை வைத்து ஆய்வு செய்வது வேறு. இரண்டாவது என்றால் படத்துக்கு முன்பே நெறிமுறை மீளாய்வுக் குழுவின் அனுமதி வேண்டும். பேராதனை மருத்துவ பீடத்தில் அப்படியொரு குழு இருக்கிறது. அப்பகுதி சுகாதார வைத்திய அதிகாரிக்கும் தெரிந்திருக்க வேண்டும். இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேட வகைத் தரவாகக் கருதுகிறது.

கெமரா

டிஜிட்டல் கெமராவின் சென்சர் இயல்பாகவே ஏறக்குறைய 1,000 நானோமீற்றர்வரை பார்க்கும். ஆனால் நிறம் கெடக்கூடாது என்று அதன் முன்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி வைத்திருப்பார்கள். உங்களிடமுள்ள கெமராவில் அந்தத் தடுப்பு எவ்வளவு என்று பார்க்க, டிவி ரிமோட்டை அதன் முன் பிடித்துப் பொத்தானை அழுத்துங்கள். திரையில் ரிமோட்டின் நுனி பளிச்சென்று மின்னினால் தடுப்புக் குறைவு. போனில் பின்பக்க கெமராவைவிட முன்பக்க கெமராவில் இது நன்றாகத் தெரிவதுண்டு, ஆனால் ஒப்பீட்டு வேலைக்குப் போன் சரிவராது. அது தானாகவே வெளிச்சத்தையும் கூர்மையையும் மாற்றிக்கொண்டே இருக்கும்.

எனக்குச் சரிவந்தது, தடுப்புக் கண்ணாடி நீக்கப்பட்ட பழைய டிஎஸ்எல்ஆர். கொழும்பிலும் கண்டியிலும் கெமரா திருத்துபவர்களிடம் கேட்டால் செய்து தருவார்கள். செலவைக் குறைக்க நினைத்தால் ரஸ்பெரி பை கணினிக்கு வரும் நோஐஆர் கெமரா நல்லது, அதில் தடுப்புக் கண்ணாடி கிடையாது. நிக்கான் டி70 போன்ற சில பழைய கெமராக்களில் தடுப்பு பலவீனமாகவே இருக்கும், மாற்றாமலே எடுக்கலாம், ஆனால் ஷட்டர் நீண்ட நேரம் திறந்திருக்க வேண்டும். மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் வயிற்றை அப்படி எடுத்தால் கலங்கிவிடும்.

தயவுசெய்து நீங்களே கெமராவைக் கழற்றாதீர்கள். பிளாஷ் உள்ள கெமராவுக்குள் இருக்கும் கொள்ளளவி, பெட்டரியைக் கழற்றிய பிறகும் முன்னூறு வோல்ற் அளவில் மின்னேற்றத்தை வைத்திருக்கும்.

லென்ஸ் முன்னால் வடிகட்டி ஒன்று வேண்டும். ஹோயா ஆர்72 எனப்படுவது 720 நானோமீற்றருக்கு மேல் விடும், 850க்கு மேல் மட்டும் விடுவதும் கிடைக்கும். நாள வேலைக்கு நான் 850ஐத்தான் சொல்வேன். அறையில் எரியும் எல்இடி பல்ப் அதற்குள் நுழையாது, அதனால் அறையை இருட்டாக்கிக் கர்ப்பிணியைத் தடுமாற வைக்க வேண்டியதில்லை.

விளக்கு

சிசிடிவி கடையில் விற்கும் 850 நானோமீற்றர் அகச்சிவப்பு விளக்கு இரண்டு வாங்குங்கள். 940 என்று எழுதியிருப்பதை எடுக்காதீர்கள். அது கண்ணுக்குக் கொஞ்சமும் தெரியாது என்று பெருமையாக விற்பார்கள், ஆனால் சென்சர் அந்த இடத்தில் பலவீனம், அதோடு அந்தப் பக்கம் தோலிலுள்ள நீரும் ஒளியை உறிஞ்சத் தொடங்கும். நான் முதலில் வாங்கியது 940தான், படம் எல்லாம் மணல் தெளித்தது போல வந்தது.

இந்த விளக்குகளின் முகத்தில் சிறிய ஒளியுணரி ஒன்று இருக்கும். வெளிச்சத்தில் விளக்கை அணைத்துவிடும். அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டிவிட்டால் எரிந்துகொண்டே இருக்கும். 12 வோல்ற் என்பதால் கரண்ட் கூடிக் குறையும் லயன் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டு அறையில்) ஒரு மோட்டார் சைக்கிள் பெட்டரியில் ஓட்டலாம், ஒளி ஏற்ற இறக்கம் இல்லாமல் வரும்.

இரண்டு விளக்கையும் இரண்டு பக்கமும் 45 பாகைக் கோணத்தில், உடம்பிலிருந்து 80 சென்ரிமீற்றர் தள்ளி வையுங்கள். முன்னால் ட்ரேசிங் பேப்பர் கட்டுங்கள். நேரடி ஒளி பட்டால் தோலில் வெள்ளைப் பளபளப்பு விழுந்து நாளத்தை மறைத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத ஒளிக்குக் கண்மணி சுருங்காது என்பதால் யாரும் விளக்கை நேரே பார்க்கக் கூடாது, பிள்ளைகளை அந்தப் பக்கம் விட வேண்டாம். பழைய குண்டு பல்பிலும் அகச்சிவப்பு நிறைய உண்டு, ஆனால் அது தோலைச் சூடாக்கும். எதைத் தவிர்க்கப் பாடுபடுகிறோமோ அதையே கொண்டுவந்து சேர்க்கும்.

ஜன்னலை மூடித் தடித்த திரை போடுங்கள். வெயிலில் அகச்சிவப்பு ஏராளம். மலையில் மூடுபனி வந்து போகும்போது நிமிடத்துக்கு ஒரு வெளிச்சம், அது படத்துக்குள் வந்தால் ஒப்பீடு போய்விடும்.

பின்னால் கட்டும் துணியையும் கெமரா வழியே பாருங்கள். கண்ணுக்குக் கறுப்பான பல துணிகள் அகச்சிவப்பில் வெளிறிப்போகும். நான் நாலு துணி பார்த்து, கடைசியில் ஒரு பழைய கம்பளியில் நிறுத்தினேன்.

அறையும் உடம்புச் சூடும்

இந்தப் படியில் அவசரப்பட்டால் மற்ற எல்லாம் வீண்.

ஒரே நேரத்தைத் தெரிவு செய்யுங்கள். காலை வேண்டாம். லயன் காம்பரா இயல்பாகவே கொஞ்சம் சூடேறியிருக்கும் பகல் பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் இடைப்பட்ட நேரம் நல்லது. சாதாரண அறை வெப்பமானி ஒன்றைச் சுவரில் மாட்டுங்கள். எத்தனை டிகிரி என்பதைவிட, ஒவ்வொரு தடவையும் அதே டிகிரியா என்பதுதான் முக்கியம். எங்கள் வீட்டில் 22 என்று வைத்துக்கொண்டோம். 21க்கும் 23க்கும் வெளியே போனால் அன்று படம் இல்லை, வேறு நாள். ஒன்பது மாதத்தில் மூன்று தடவை அப்படித் தள்ளிப் போட்டோம், ஒருமுறை அடைமழை என்று ஒரு வாரமே தள்ளிப்போனது.

அறையைச் சூடாக்க எண்ணெய் நிரப்பிய மின் ஹீற்றர் இருந்தால் அரை மணி நேரம் முன்பே போட்டு, படம் எடுக்கும்போது நிறுத்திவிடுங்கள். மூடிய அறைக்குள் கரி அடுப்போ விறகுத் தணலோ வைக்கவே கூடாது. அதில் வரும் காபன் மொனொக்சைட்டு தாயையும் வயிற்றுப் பிள்ளையையும் கொல்லக்கூடிய வாயு. குளிர் தாங்காமல் தணல் சட்டியை உள்ளே வைக்கும் பழக்கம் நம் பக்கத்தில் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

வந்தவுடன் படம் எடுக்காதீர்கள். மலையிலிருந்து ஏறி இறங்கி வந்த கால், பீலிக்கரையில் குளிர்ந்த தண்ணீரில் குளித்துவிட்டு வந்த உடம்பு, சுடச்சுட டீ குடித்த வயிறு ஒவ்வொன்றும் வேறு வேறு படம் தரும். இருபது நிமிடம் கதிரையில் உட்கார வையுங்கள், காலைத் தொங்கப் போடாமல் ஒரு முக்காலியில் நீட்டட்டும். எடுக்கப்போகும் பகுதி துணியில்லாமல் அறைக் காற்றுக்குப் பழக வேண்டும். படத்துக்கு முந்திய ஒரு மணி நேரத்துக்குள் டீயும் சாப்பாடும் வேண்டாம், தண்ணீர் குடிக்கலாம். அன்று பாம் தேய்த்திருந்தால் எழுதிவையுங்கள், அந்த இடத்தில் இரத்தம் ஏறியிருக்கும். தேங்காயெண்ணெய் பூசியிருந்தால் துடைத்துவிடுங்கள், அது விளக்கொளியில் மின்னும்.

கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் சேலை நனையாமல் இருக்க இடுப்பில் படங்கு என்ற தடித்த விரிப்பைக் கட்டுவார்கள். அந்தக் கயிறு அழுந்திய இடம் வயிற்றைச் சுற்றி அகச்சிவப்பிலும் பட்டையாகத் தெரியும். பாவாடை நாடாவும் மேஸின் இலாஸ்டிக்கும் அப்படித்தான், அழுத்திய இடத்தில் இரத்தம் விலகி நாளம் அறுந்தது போல இருக்கும். அந்த இருபது நிமிடம் போனால் அச்சும் போய்விடும். போகவில்லை என்றால் இன்னும் பத்து நிமிடம் பொறுங்கள்.

உட்கார்ந்திருக்கும் நேரத்தில் குறிப்பேட்டை நிரப்பலாம். திகதி, நேரம், அறையின் டிகிரி, எத்தனையாவது வாரம், அன்று எத்தனை மணி நேரம் நின்றார், நேற்று வேலைக்குப் போனாரா, வீக்கம் இருக்கிறதா. நெற்றி வெப்பமானி இருந்தால் கணைக்காலின் தோல் சூட்டையும் ஒரே இடத்தில் அளந்து எழுதுங்கள். வாரக் கணக்கை நீங்களே போடாமல் கிளினிக் அட்டையைப் பார்த்து எழுதுங்கள்.

நிறுத்துவதும் உட்கார வைப்பதும்

கால் படங்கள் நின்றபடி. நிற்கும்போதுதான் நாளங்களில் இரத்தம் நிறையும். சரியாக இரண்டு நிமிடம் நின்ற பிறகு முன்பக்கம், உட்பக்கம், பின்பக்கம் என்று வலது காலும் இடது காலும். பிடித்துக்கொள்ளக் கதிரை முதுகு ஒன்றும், பக்கத்தில் ஒரு பெண்ணும் கட்டாயம். அசையாமல் நின்றால் கர்ப்பிணிகளுக்குத் தலை சுற்றும். சுற்றுகிறது என்றால் உடனே உட்கார வையுங்கள், அன்றைய வேலை அவ்வளவுதான்.

மார்பும் வயிறும் சாய்ந்து உட்கார்ந்தபடி, முதுகுக்கு 45 பாகை தலையணை. இருபது வாரத்துக்குப் பிறகு மல்லாந்து படுக்க வைத்து எடுக்கவே வேண்டாம். கருப்பை பெருநாளத்தின் மேல் அழுந்தி இரத்த அழுத்தம் இறங்கும். உடம்பைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்தால் நல்லது, அந்தச் சாய்வும் ஒவ்வொரு தடவையும் ஒன்றாக இருக்கட்டும்.

கதிரைக்கும் கெமரா முக்காலிக்கும் தரையில் டேப் ஒட்டிக் குறியிடுங்கள். எங்கள் குறி ஐந்து மாதத்தில் ஈரத்தில் உரிந்துவிட்டது, பிறகு சீமெந்தில் பெயின்ற் புள்ளியே வைத்தோம். காலுக்கு 120 சென்ரிமீற்றர், வயிற்றுக்கு 100. படத்துக்குள் ஒரு பத்து சென்ரிமீற்றர் அடிக்கோல் தோல் மட்டத்தில் இருக்க வேண்டும். கூடவே ஒரு வெள்ளை அடையாளமும் வேண்டும். குழாய் பொருத்துகிறவர்கள் மரைக்குச் சுற்றும் வெள்ளை டெஃப்லோன் டேப்பை ஐஸ்கிரீம் குச்சியில் இருபது சுற்றுச் சுற்றினால் போதும், அகச்சிவப்பை நன்றாகத் திருப்பி அனுப்பும், விலையும் மலிவு. பிறகு எல்லாப் படத்திலும் அந்தக் குச்சி ஒரே வெண்மையில் வருமாறு சரிசெய்வதால் படங்கள் ஒரே தரத்துக்கு வரும்.

எடுக்கும்போது

எல்லாமே மனுவல். ஐஎஸ்ஓ 400, துளை எஃப்8, ஷட்டர் 1/60 என்று தொடங்கி, வெள்ளைக் குச்சி கருகாமலும் வெளிறிப்போகாமலும் வரும்வரை முதல் நாள் சரிசெய்து, அப்புறம் தொடாதீர்கள். கோப்பு ரோ வடிவில், அதாவது கெமரா தானாகத் திருத்தாத மூல வடிவில். குவிமையம் தனி விஷயம். அகச்சிவப்பு, லென்ஸில் கண்ணொளியைவிடச் சற்றுத் தள்ளிக் குவியும். வியூஃபைண்டர் வழியே குவித்தால் தவறும். வடிகட்டி போட்ட பிறகு பின்திரையில் பெரிதாக்கிப் பார்த்துக் குவியுங்கள். சில லென்ஸ்களில் படத்தின் நடுவே வெளிறிய வட்டம் விழும். ஒரு வெள்ளைச் சுவரை எடுத்துப் பார்த்து, விழுந்தால் லென்ஸை மாற்றுங்கள்.

ஒரு நிலையில் மூன்று படம். முடிந்ததும் அவரை அறைக்குள் சும்மா நடக்கவிட்டு, உட்கார வைத்து, பத்து நிமிடம் கழித்து அதே வரிசையை முழுக்க மறுபடி எடுங்கள். இது வீண்வேலை போலத் தெரியும். ஆனால் ஒரே நாளில் எடுத்த இந்த இரண்டு தொகுதிக்கும் இடையில் எவ்வளவு வித்தியாசம் வருகிறதோ, அதுதான் உங்கள் முறையின் பிழை. அதைவிடப் பெரிய வித்தியாசம் மாதங்களுக்கிடையில் வந்தால் மட்டுமே கர்ப்பத்தின் மாற்றம் என்று எழுதலாம்.

எப்போது எடுப்பது? 12 வாரத்துக்கு முன் ஒன்று கட்டாயம், அது இல்லாவிட்டால் ஒப்பிட அடித்தளம் இல்லை. பிறகு 20, 28, 36 வாரங்கள். பிரசவத்துக்குப் பின் ஆறாவது வாரமும் மூன்றாவது மாதமும்.

ஒப்பிடுதல்

படங்களைக் கறுப்பு வெள்ளையாக்கி, வெள்ளைக் குச்சியை வைத்துச் சமப்படுத்துங்கள். இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருள் போதும். கண்ணுக்கு எடுப்பாகத் தெரியட்டும் என்று ஒரு படத்துக்கு மட்டும் கான்ட்ராஸ்டை ஏற்றாதீர்கள். ஏற்றினால் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு.

முழங்காலுக்குக் கீழே பத்து சென்ரிமீற்றரில் ஒரு குறுக்குக் கோடு போட்டு, அதை எத்தனை நாளம் வெட்டுகிறது என்று எண்ணுங்கள். வயிற்றில் தொப்புள் மட்டத்தில் இரண்டு பக்கமும். பிறகு முழுப் படத்துக்கும் ஒரு புள்ளி: ஒன்றும் தெரியவில்லை என்றால் 0, மங்கலான கோடு 1, தெளிவான கோடு 2, வளைந்து புடைத்து நின்றால் 3. நாளத்தின் தடிப்பை மில்லிமீற்றரில் அளக்க ஆசை வரும், வேண்டாம். ஒளி தோலுக்குள் சிதறுவதால் நாளம் உள்ளதைவிட அகலமாகத் தெரியும், ஆழம் கூடினால் இன்னும் அகலமாகும்.

எண்ணுகிறவருக்குத் திகதி தெரியக் கூடாது. பெயரை மாற்றிக் குலுக்கிய கோப்புகளை இரண்டு பேர் தனித்தனியாக எண்ணட்டும். 36ஆம் வாரம் என்று தெரிந்தால் கண் தானாகவே கூடுதலாக எண்ணும். நானே அப்படி எண்ணியிருந்தேன். என் புள்ளிகளும், ஸ்டூடியோவில் என்னோடு வேலை செய்யும் பிள்ளையின் புள்ளிகளும் திகதி மறைத்த பிறகுதான் நெருங்கி வந்தன.

என்ன தெரியும்

கர்ப்பத்தில் தாயின் இரத்தத்தின் மொத்த அளவு 40 முதல் 50 சதவீதம் கூடுகிறது. புரொஜெஸ்தரோன் நாளச் சுவரைத் தளர்த்துகிறது. போகப்போகக் கருப்பை வளர்ந்து, காலிலிருந்து மேலேறும் இரத்தத்துக்கு இடுப்பில் முட்டுக்கட்டை போடுகிறது. இந்த மூன்றும் படத்தில் வெவ்வேறு நேரத்தில் வரும். மார்பில் முதல் மூன்று மாதத்திலேயே வலை படரத் தொடங்கும், முலைக்காம்பைச் சுற்றிய வளையமும் தெரியும். வயிற்றில் அடிவயிற்றிலிருந்து மேலேறும் நாளங்களும் விலாப்பக்கம் போகும் கிளைகளும் வயிறு தள்ளத் தள்ளத் தெளிவாகும். காலில் உட்பக்கமாகக் கணுக்காலிலிருந்து தொடைவரை ஏறும் பெரிய நாளத்தையும் அதன் கிளைகளையும் கவனியுங்கள்.

மணிக்கணக்காகச் சரிவில் நின்று கொழுந்து எடுக்கிறவர்களின் காலைப் பார்க்கும்போது வேலையின் பங்கையும் நினைவில் வையுங்கள். நடக்கும்போது கெண்டைத்தசை பம்ப் போல இரத்தத்தை மேலே தள்ளும், அசையாமல் நின்றால் தள்ளாது. வேலைக்குப் போன மறுநாளும் ஓய்வு நாளுக்கு மறுநாளும் ஒன்றல்ல. தங்கச்சியின் படங்களை எல்லாம் திங்கட்கிழமைகளில் எடுக்க முடிவு செய்தது அதனால்தான், முதல் நாள் ஞாயிறு வீட்டில் இருந்திருப்பாள்.

இன்னொன்று, வீக்கம். 36ஆம் வாரத்தில் அவள் கணுக்கால் நாளங்கள் படத்தில் கிட்டத்தட்டக் காணாமற்போயின. குறைந்துவிட்டது என்று சந்தோஷப்பட இருந்தேன். விரலால் அழுத்திப் பார்த்தால் குழி விழுந்தது. நீர் கோத்துத் தோல் தடித்தால் ஒளி நாளம்வரை போய்த் திரும்பாது. அதனால் குறிப்பேட்டின் வீக்கப் பத்தியைப் பார்க்காமல் "நாளம் குறைந்தது" என்று எழுதாதீர்கள்.

படத்தை நம்பி இருக்கக் கூடாதவை

ஆழத்து நாளங்கள் இதில் தெரியாது. அங்கே இரத்தம் உறைந்திருந்தால் படம் சுத்தமாகவே இருக்கும். ஒரு கால் மட்டும் வீங்கி, வலித்து, சூடாகவோ சிவந்தோ இருந்தால், கர்ப்பத்தில் அது பெரும்பாலும் இடது காலாக இருக்கும், அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். தோலடி நாளம் கயிறு போலக் கெட்டியாகி நொந்தாலும் வைத்தியரிடம் காட்டுங்கள். முகமும் கையும் வீங்கி, தலைவலியோ கண்மங்கலோ வந்தால் அது இரத்த அழுத்தக் கோளாறாக இருக்கலாம், அதுவும் அவசரம். எங்கள் தோட்டத்துக்கு வரும் மருத்துவ மாது முதல் நாளே என்னிடம் சொன்னார், "படம் எடுங்க, ஆனா படத்துல ஒண்ணும் இல்லேன்னு நீங்க சொல்லி ஒரு புள்ளத்தாச்சியும் வீட்ல இருந்துறக் கூடாது." அதைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

வைத்திருப்பதும் அழிப்பதும்

கோப்பில் பெயர் வேண்டாம், இலக்கம் போதும். எந்த இலக்கம் யாருக்கு என்பது வேறொரு கொப்பியில், பூட்டிய அலுமாரியில். முகம், மச்சம், தாலி, பச்சை குத்தியது எதுவும் படத்துக்குள் வரக் கூடாது. கடவுச்சொல் போட்ட ஹார்ட் டிஸ்க் ஒன்றில் மட்டும் வையுங்கள். வாட்ஸ்அப்பில் யாருக்கும், வைத்தியருக்கும்கூட, அனுப்ப வேண்டாம். அச்செடுத்து அந்தத் தாயின் கையிலேயே கொடுங்கள், காட்டுவதும் காட்டாததும் அவர் விருப்பம்.

தங்கச்சி மகளைப் பெற்று மூன்று மாதம் ஆனபோது கடைசித் தொகுதியை எடுத்தோம். அறை 22 டிகிரி, ஒரு திங்கட்கிழமை, பிள்ளை பக்கத்துக் காம்பராவில் தூங்கியது. வயிற்றுக் கோடுகள் ஏறக்குறைய முதல் படத்து நிலைக்கே வந்திருந்தன. வலது முழங்காலின் உட்பக்கம் ஒரு வளைந்த நாளம் மட்டும் 3ஆம் புள்ளியிலேயே நின்றது. அந்தப் படத்தையும் 20ஆம் வாரப் படத்தையும் அச்செடுத்துக் கொடுத்தேன். அவள் கிளினிக்கில் காட்ட, நாளத்துக்குள் இரத்தம் ஓடுவதைப் பார்க்கும் டொப்ளர் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்கள். மற்றவற்றை என்ன செய்யட்டும் என்று கேட்டேன். "கால் படங்கள வச்சுக்கக்கா, வயித்துப் படங்கள அழிச்சிரு" என்றாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழித்தேன்.